கணக்கில் சேராத ரீடிங்

ஜூலை 2

ஐந்தாவது யூனிட்டை நான் நடத்த வேண்டாமாம். துறைத்தலைவர் ஞானதுரை சாரின் உத்தரவு.

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுக்குக் குவாண்டம் இயக்கவியல் எடுக்கிறேன். கடைசி யூனிட், 'அளவீட்டுச் சிக்கலும் அதன் விளக்கங்களும்'. பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வருவதில்லை. அதனால் எங்கள் வட்டாரத்தில் எந்தக் கல்லூரியிலும் அதை யாரும் தொடுவதில்லை. "செண்பகம் மேடம், அதெல்லாம் தத்துவம். நம்ம பிள்ளைகளுக்குக் கணக்கு வந்தாப் போதும். முத நாலு யூனிட்ட ரெண்டு தடவ ஓட்டி விடுங்க" என்றார். பஸ்ஸா ஓட்டுகிறேன் நான்?

முதல் நான்கு யூனிட்டும் கணக்கை எப்படிப் போடுவது என்று சொல்கின்றன. போட்ட கணக்கு எதைப் பற்றியது என்று கேட்பது ஐந்தாவது மட்டும்தான். அதை விட்டுவிடுவது கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை யார் என்றே கேட்காமல் திரும்புவது மாதிரி. காலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தாவது நடத்துவேன். அவரிடம் சொல்லவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது. அரிசியில் எறும்பு.

தம்பி மனைவி கோமதி போனில் பேசினாள். "மதினி, ஸ்கேன் எடுத்தாச்சான்னு ஆஸ்பத்திரியில கேக்காங்க." அடுத்த வாரம் என்றேன்.

ஜூலை 4

திருநெல்வேலி டாக்டர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புகிறார்கள்.

தம்பி பூவநாதனின் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். அப்பாவைக் கொண்டுபோனதும் அதே வியாதிதான். பரம்பரையாக வருவது. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பிக்கு வந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மாற்று சிறுநீரகம் வேண்டும். கோமதிக்குச் சர்க்கரை, அவள் கொடுக்க முடியாது. ரத்த வகை சேருவது எனக்கு மட்டும்.

நான் செய்ய வேண்டியவை இரண்டு. எனக்கும் கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். இருந்தால் நான் கொடுக்க முடியாது. அதோடு வீட்டிலேயே காலையும் மாலையும் ரத்த அழுத்தம் பார்த்து ஆஸ்பத்திரி கோ-ஆர்டினேட்டருக்கு அனுப்ப வேண்டும். பி.பி. மெஷினைத் தம்பியே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். சின்ன வேலைகள்தான். இதற்குப் போய் இத்தனை போன்.

ஜூலை 6

காலை 158/98. மாடிப்படி ஏறி வந்து உடனே பார்த்தது. பட்டையும் லூசாகக் கட்டியிருந்தேன். எந்த லேபிலும் முதல் ரீடிங்கை எடுத்துக்கொள்வதில்லை.

மாலை 152/96. ஞானதுரை சாரோடு வாக்குவாதம் முடிந்து வந்த நேரம். இதுவும் சேராது.

படுத்து, கண்ணை மூடி, அரை மணி கழித்துப் பார்த்தேன். 136/86. பரவாயில்லை. கருவி கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன். பிழைத்திருத்தம் கழித்தால் 126/80 வரும். அதை அனுப்பினேன்.

ஜூலை 9

பி.எஸ்ஸி. முதலாண்டு லேப். கூட்டு ஊசல். ஒருவன் புவியீர்ப்பு முடுக்கம் 980 என்று அச்சு மாறாமல் கொண்டுவந்து நீட்டினான். அவன் ஊசலைத் தொட்டதையே நான் பார்க்கவில்லை. விடையைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னால் வந்து அலைவு நேரத்தை எழுதியிருக்கிறான். ரீடிங் சமைப்பது என்று இதற்குப் பெயரே உண்டு. நாங்களும் படிக்கும்போது சமைத்தவர்கள்தாம். ஆனால் எங்களுக்கு உப்பு, காரம் பார்த்துப் போடத் தெரியும். இவனுக்கு அதுவும் தெரியவில்லை, எல்லா ரீடிங்கும் ஒன்றே போல இருக்கிறது.

"ஊசல் என்ன சொல்லிச்சோ அத எழுது. நீ என்ன நெனச்சியோ அத எழுதாத" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டு, சிவப்பு மையில் குறுக்கே அடித்தேன். முகம் செத்துப்போய்விட்டது பையனுக்கு. போகட்டும். இதைக்கூடச் சொல்லித்தராவிட்டால் எதற்கு வாத்தியார்?

பின்மண்டையில் வலி. கண்ணாடி பவர் மாறியிருக்கும்.

ஜூலை 14

காலை வகுப்பு ஆரம்பித்தாயிற்று. ஒன்பது பேர்தான் வந்தார்கள். போதும்.

ஒரு எலக்ட்ரானின் சுழற்சியை எந்தத் திசையில் அளந்தாலும் 'மேலே' அல்லது 'கீழே' என்று ஏதோ ஒன்றுதான் வரும். அளப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்று கேட்டால் சமன்பாடு வாய்ப்பை மட்டும் சொல்லும், விடையைச் சொல்லாது. அளந்த அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது? இதற்குத்தான் ஆளுக்கொரு விளக்கம். கோபன்ஹேகன்காரர்கள், அளப்பதற்கு முன் 'எப்படி இருந்தது' என்று கேட்பதே தப்பு என்பார்கள். இன்னொரு கூட்டம், விடை முன்பே உள்ளே ஒளிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்னும். மூன்றாவது கூட்டத்தின்படி இரண்டு விடையும் நடக்கிறது, உலகமே இரண்டாகக் கிளைக்கிறது, ஒரு கிளையில் ஒரு விடையைப் பார்த்த நீ, மறு கிளையில் மற்றதைப் பார்த்த நீ.

பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை உயிரோடும் செத்தும் ஒருசேர இருக்கும் என்கிற பூனையைப் பற்றி ஒருவன் கேட்டான். எனக்கு அந்தப் பூனையைக் கண்டால் ஆகாது. சாமியார் பேச்சிலிருந்து வாட்ஸ்அப் வரை அதை இழுத்து வைத்து, நீங்கள் பார்த்தால்தான் உலகம், நினைத்தால் நடக்கும் என்று கதை அளக்கிறார்கள். எலக்ட்ரானின் சங்கடத்தை மனிதர் வாழ்க்கைக்கு உவமையாகச் சொல்பவன் என் வகுப்பில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முத்துப்பேச்சி என்று ஒரு பெண். இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறாள். கடைசியில் எழுந்தாள். "மேம், கருவி அளந்து வச்சிருச்சு. ஆனா நாம இன்னும் திரும்பிப் பாக்கல. இப்ப அளந்தாச்சா, அளக்கலியா?"

இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சந்தோஷத்தில் கத்தப் பார்த்தேன். இதுதான் சிக்கலின் முடிச்சு. இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது, கருவியில் ஒரு தடவை பதிந்து, காற்றும் வெளிச்சமும் மேசையும் அதைத் தொட்டுவிட்டால், பிறகு நீ திரும்பிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதை இல்லையென்று ஆக்க முடியாது என்பது. அதைச் சொன்னேன். "அப்ப நாம பாக்கிறது ஒரு கணக்கே இல்லையா மேம்?" என்றாள். மணி அடித்துவிட்டது.

ஜூலை 15

காலை பார்க்க நேரமில்லை. மாலை பார்க்கவில்லை. 124/80 என்று போட்டேன், அந்த அளவில்தான் இருக்கும்.

ஜூலை 20

பூவநாதனைப் பார்க்கப் போனேன். ஆடி மாதம். ஊர் ஊராக அம்மன் கோயில் கொடை விழா, வாடகை மைக் செட் நடத்துகிற அவனுக்கு மூச்சு விட நேரமில்லாத காலம். இந்த வருடம் ஆட்களை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து, எந்த ஊரில் எந்தக் குழாய் ஸ்பீக்கர் சரியாகக் கேட்கவில்லை என்று போனில் திட்டிக்கொண்டிருந்தான். முகம் உப்பியிருந்தது. அவனுக்குத் தண்ணீர் அளவுதான். ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டே பேசினான்.

"என்னக்கா, ஸ்கேன் என்னாச்சு? மெஷின் ஓடிப் போயிருச்சா?"

"இன்ஸ்பெக்சன் வருதுடா. ஃபைல் வேல தலைக்கு மேல கெடக்கு."

"பத்து நிமிசம் ஆகுமா அதுக்கு? வயித்துல பசை மாதிரி ஏதோ தடவி உருட்டுவான், முடிஞ்சு போகும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "எடுத்துப் பாத்து இருக்குன்னு வந்துட்டா என்ன பண்ணுவே? இப்ப இருக்கா இல்லையான்னு தெரியாது. அது வரைக்குமாவது ஒரு வழி இருக்கு. பாத்துட்டா ஒரே வழிதான்." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, நானே பூனைக் கதையை எடுத்துவிட்டேன் என்று.

என் வகுப்புக் கதைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன், சிரித்தான். "நீ சொல்லுதது எலக்ட்ரானுக்குலா? எனக்கு வேண்டியது கிட்னி. பூன கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுருமாக்கா?"

கோமதி அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். படிக்காத பயல், பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, என்னிடம் வந்து விளக்குகிறான். சிறுநீரகம் எலக்ட்ரான் இல்லை என்று எனக்குத் தெரியாதா? கட்டி இருந்தால் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை. எந்த ஸ்கேனும் அதை உண்டாக்கப் போவதில்லை. இதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

ஜூலை 29

இன்ஸ்பெக்சன் ஃபைல். ஐந்து வருடத்து மார்க் பட்டியல். பிரிண்டர் மக்கர்.

ஆகஸ்ட் 3

கோ-ஆர்டினேட்டர் பெண் பேசினாள். அனுப்பிய பி.பி. எல்லாம் நன்றாக இருக்கிறதாம், பயிற்சி செய்கிறீர்களா என்று வேறு கேட்டாள். ஸ்கேனை மட்டும் முடித்துவிட்டால் மற்ற பரிசோதனைகளை ஒரே மூச்சில் முடித்துவிடலாமாம். ஆடிப் பதினெட்டாம் நாள், இன்றைக்கு யார் ஸ்கேன் எடுப்பார்கள் என்றேன்.

உண்மையில் நேற்று முன்தினம் வரை ஒரு வாரம் மெஷினைத் தொடவே இல்லை. நேற்று தொட்டேன். வந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை, தலைவலியோடு பார்த்ததற்கு என்ன அர்த்தம்?

ஆகஸ்ட் 10

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் நிறைமதி பேசினாள். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். "அம்மா, நான் கேட்டது காதுல விழுந்துச்சா இல்லையா?" என்றாள். சிக்னல் சரியில்லை என்றேன்.

இவர் தூத்துக்குடி துறைமுக ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக, "பிள்ள எனக்குப் போன் பண்ணி அழுதா. நீ ஸ்கேன் எடுத்தாத் தான அவளுக்கு எடுக்கணுமா வேண்டாமான்னு தெரியும்?" என்றார். எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்களா?

பாதியில் பாதி, கால் பங்கு. நான் கணக்குத் தெரியாதவள் இல்லை. நான் எடுத்துப் பார்த்து இல்லையென்று வந்தால் அவளுக்கு அது பூஜ்யம். இருக்கிறதென்று வந்தால் அரை. இப்போது கால். காலோடு ஒரு பெண் படிக்கலாம், சிரிக்கலாம், பரீட்சை எழுதலாம். அரையை அவள் தலையில் தூக்கி வைக்க என்னால் முடியவில்லை. போதுமா? எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 12

வகுப்பில் இன்று மறைந்திருக்கும் விடைகள். விடை முன்பே உள்ளே இருக்கிறது என்ற கட்சியில் சேர்ந்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று போர்டு நிறைய எழுதினேன். இங்கே ஒரு துகளை அளந்தால், எங்கோ தொலைவில் இருக்கும் அதன் ஜோடித் துகள் அதை அந்தக் கணமே உணர வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கிற விடை எதுவும் சோதனையில் தேறவில்லை. முத்துப்பேச்சி கேட்டாள், "அப்ப எதையும் தனியா அளக்கவே முடியாதா மேம்? ஒண்ணத் தொட்டா இன்னொண்ணத் தொட்டதாத்தான் அர்த்தமா?" இப்படிக் கேட்கிற பிள்ளைக்குப் பரீட்சையில் வராத யூனிட் என்று சொல்லி ஒதுக்கச் சொல்கிறார் ஞானதுரை சார்.

அவருக்கு ஸ்பெஷல் கிளாஸ் விஷயம் தெரிந்துவிட்டது. கூப்பிட்டுவிட்டார். நான் பேசிய பேச்சில் கிளார்க் கதவைச் சாத்திவிட்டுப் போனார். வெளியே வந்தபோது கண் முன்னால் பொட்டுப் பொட்டாகப் பறந்தது.

ஆகஸ்ட் 22

பூவநாதனை அட்மிட் செய்திருக்கிறார்கள். டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல். நான் போனபோது கட்டிலே ஆடும்படி நடுங்கிக்கொண்டிருந்தான். கொடை நாளில் கரகம் தூக்குபவரை நான்கு பேர் பிடிப்பதுபோல் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். "இந்தக் கழுத்துக் குழாய வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா. திரும்பத் திரும்பக் காய்ச்சல் வரும். ஒவ்வொரு தடவையும் நான் உத்தரவாதம் தர முடியாது. நீங்க குடுக்கிறதா இருந்தா சீக்கிரம் முடிவு பண்ணுங்க. இல்லைன்னாலும் சொல்லிருங்க, வேற வழி பாக்கணும்."

கோமதி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 24

எடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உருட்டினாள். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். அந்த நேரத்தில் எனக்கு எந்த விளக்கமும் ஞாபகத்துக்கு வரவில்லை. செண்பகவல்லித் தாயே, தாயே என்று எனக்குப் பெயர் தந்த அம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் டிஷ்யூ பேப்பரை நீட்டி, "வயசு நாப்பத்தாறா? ரெண்டும் சுத்தமா இருக்கு. ஒரு கட்டி கூட இல்ல. இந்த வயசுல இல்லைன்னா இனிமே வராதும்மா" என்றாள்.

படுத்தபடியே அழுதேன். அவள் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

நிறைமதிக்குப் போன் செய்தேன். 'இல்லடி' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எனக்கு வரவில்லை. வார்டுக்கு ஓடிப்போய்ப் பூவநாதனிடம் சொன்னேன். காய்ச்சலில் கிடந்தவன் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கா, மேலே இருக்கிற ஆளுக்கா தெரியவில்லை. "உனக்கில்ல, பிள்ளைக்கும் இல்ல. அது போதும்க்கா" என்றான். அவனுக்குக் கிடைக்கப்போவதைப் பற்றி அவன் பேசவே இல்லை. இத்தனை நாள் தள்ளிப்போட்ட என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 1

மற்ற பரிசோதனைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரத்தம், எக்ஸ்ரே, இருதயத்துக்கு எக்கோ. நேற்று கையில் ஒரு பட்டையைக் கட்டி இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டார்கள். ஒரு பகல், ஒரு இரவு. அது தானாகவே ஊதும், தானாகவே அளக்கும், தானாகவே எழுதிக்கொள்ளும். கொடுப்பவர்கள் எல்லோருக்கும் கடைசியில் இது உண்டாம். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

அதோடு வகுப்புக்குப் போனேன். போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பட்டை உர்ரென்று இறுகியது. பிள்ளைகள் சிரித்தார்கள். "மேம், ரீடிங் எடுக்கு. கையத் தொங்கப் போடுங்க, பேசாதீங்க" என்றாள் முத்துப்பேச்சி. சுண்ணக்கட்டியோடு நின்றேன். வகுப்பே அமைதியாக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன எண் என்று எனக்குத் தெரியாது, பெட்டியில் காட்டாது. படி ஏறினேன், இது சேராது என்று சொல்ல அதில் பொத்தானும் கிடையாது.

அன்று நடத்த வைத்திருந்ததை நடத்த முடியவில்லை. சீக்கிரமே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 4

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு இதையும் திருத்திவிடுவேன்.

பகல் முழுவதும் 150-க்கு மேல். தூங்கும்போது கூட இறங்கவில்லை. எக்கோவில் இருதயத்தின் சுவர் லேசாகத் தடித்திருக்கிறது. "ஆஸ்பத்திரியப் பாத்த பயத்துல வந்த பி.பி. இல்லம்மா இது. ரொம்ப நாளா இருக்கு" என்றார் டாக்டர். நான் அனுப்பிய ரீடிங்குகளை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். "வீட்டுல பாத்ததுல ஒண்ணு கூட அதிகமா இல்லையே? மெஷின் பழுதா?"

மெஷின் பழுது என்று சொல்லியிருக்கலாம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். "நான்தான் பாக்காம எழுதினேன் சார்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. "பி.பி. இருந்தா குடுக்கவே கூடாதுன்னு இல்ல. ஒரு மாத்திரையில கட்டுக்குள்ள நின்னா நாங்க எடுத்துக்குவோம். ஆனா நிக்குதான்னு மூணு மாசம் பாக்கணும். உங்க உயிருக்கும் நான்தான பொறுப்பு. ஜூலையிலயே உள்ளத அனுப்பியிருந்தா அப்பவே மாத்திர ஆரம்பிச்சிருப்பேன். இந்நேரம் தேதி குறிச்சிருக்கலாம்."

"தம்பி மூணு மாசம் தாங்குவானா சார்?"

"பாக்கலாம்" என்றார்.

ஸ்கேனுக்குப் பயந்தேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அந்தப் பயத்தில் எது சின்ன வேலை என்று நினைத்தேனோ, அதைச் சமைத்தேன். பி.பி. இந்த வியாதியின் முதல் அறிகுறி என்று எங்கோ படித்திருந்தேன். அதுதான் காரணம். வந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ரோஜாப் பூ கொடுத்தார்கள். வாங்கக் கூசியது.

சாயங்காலம் பூவநாதனிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்துவிட்டான், கழுத்தில் குழாயோடு. முதலில் அவனுக்குப் புரியவில்லை. "நல்லாருக்குன்னுதான சொன்னாங்க? கோமதி நாள் கூட விசாரிச்சிட்டா."

முழுவதும் சொன்னேன். லேபில் அடித்த சிவப்பு மை வரைக்கும் சொன்னேன், அது எதற்கென்று தெரியவில்லை.

அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அப்பா அடித்தபோதும் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்ன இழுத்துட்டாக்கா போயிருப்பேன்? பயந்தா பயந்தேன்னு சொல்லு. நான் காத்திருப்பேன். வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் சரின்னுருப்பேன். நீ நூத்தி இருவதுன்னுலா சொன்னே? நான் அத நம்பினேன்லா? படிச்சவ, அளக்கதுதான் உன் வேலன்னு நம்பினேன்லா?"

மூச்சு வாங்கியது அவனுக்கு. கோமதி வந்து முதுகைத் தடவினாள். "போதும் மதினி, கெளம்புங்க" என்றாள். அவள் என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

செப்டம்பர் 7

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அவன் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 9

ஐந்தாவது யூனிட்டை இன்று முடித்தேன். பல உலகங்கள். எனக்கு எப்போதும் பிடித்த விளக்கம் அதுதான், சமன்பாட்டில் எதையும் ஒட்டுப்போடாமல் அப்படியே நம்புவதால். ஆனால் நடத்தும்போது பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எலக்ட்ரானை வாழ்க்கைக்கு உவமை சொல்லாதே என்று பிள்ளைகளிடம் சொன்னவள், போர்டைப் பார்த்து நின்று, வேறொரு கிளையில் ஜூலை ஆறாம் தேதி 158 என்று எழுதி அனுப்பிய ஒருத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தம்பி இப்போது ஆபரேஷனுக்குத் தேதி குறித்து, வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பான். அவள்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அந்தக் கிளை இருந்தாலும் அங்கே போக வழி கிடையாது. நான் இருப்பது இதில். இதில் அவன் கழுத்தில் குழாய்.

முத்துப்பேச்சி வழக்கம்போல் எழுந்தாள். "கடைசில எது சரி மேம்? எந்த விளக்கம்?"

தெரியாது என்றேன். நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள், யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் சொன்னேன். இந்தக் கட்சிகள் எல்லாம் அளப்பதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதில்தான் அடித்துக்கொள்கின்றன. அளந்த பிறகு என்ன வந்தது என்பதில் ஒருவருக்கொருவர் சண்டையே இல்லை. வந்த ரீடிங் வந்ததுதான். பிடிக்கவில்லை என்று அதைத் தூக்கிப்போட எந்த விளக்கத்திலும் இடமில்லை. அவள் அதை எழுதிக்கொண்டாள். பரீட்சையில் வராது என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

காலையில் இட்லிக்கு அடுப்பை மூட்டும்போது வாசலில் ஆட்டோச் சத்தம். பூவநாதன். டயாலிசிஸ் இல்லாத நாள். கழுத்துக் குழாய் தெரியாமல் துண்டைச் சுற்றியிருந்தான். வாசற்படி ஏறவே நின்று நின்றுதான் வந்தான். கையில் அவனே வாங்கிய புது பி.பி. மெஷின்.

"உக்காரு" என்றான். உட்கார்ந்தேன்.

"கைய நீட்டு."

"நான் இப்ப உள்ளதத்தான்டா எழுதுதேன். சத்தியமா."

"கைய நீட்டுக்கா."

பட்டையைக் கட்டத் தெரியாமல் கட்டினான். மைக் ஒயர் கட்டுகிற மாதிரி இறுக்கி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினான். நான் கைகொடுக்கப் போனேன், தட்டிவிட்டான். "பேசாத. பேசுனா தப்பா காட்டும்" என்றான். மெஷின் ஊதி, இறங்கி, நின்றது. திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, போனில் படம் எடுத்து, கோ-ஆர்டினேட்டருக்கு அனுப்பினான்.

"எவ்வளவுடா?"

பட்டையைச் சுருட்டினான்.

"டே, சொல்லுடா. அது என் பி.பி.டா."

"மூணு மாசத்துக்கு அது என் பி.பி." என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. "டயாலிசிஸ் இல்லாத அன்னிக்கு நான் வருவேன். டயாலிசிஸ் உள்ள அன்னிக்குக் கோமதி வருவா. நீ தொடாத."

"தெனமுமா? உன்னால ஏற முடியாதுடா."

"ஏறுவேன்" என்றான். படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.